நாற்பத்தொன்று

பத்தாம் தேதிக்குள் எனக்கு
கத்திவாக்கம் பக்கம் எழுநூற்றுச் சொச்சம் மீட்டர்.
தோள்பையில் குடை, தண்ணீர்,
பிஸ்கட் பொட்டலம் ஒன்று. அது நாய்களுக்கு.

வீடுகளை நான் முகத்தை வைத்து அறிவதில்லை.
இருநூற்று முப்பது ஓடிய வீடு
திடீரென்று எண்பதில் நின்றால்
யாரோ துபாய் போயிருக்கிறார்கள்
அல்லது ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு.
கேட்பதில்லை.
எண்ணை அடித்துவிட்டு அடுத்த படி ஏறுவேன்.

இங்கே துணியை உதறிவிட்டுத்தான் மடிப்பார்கள்.
சாம்பல்.
எந்த மொட்டைமாடியில் நின்றாலும் புகைபோக்கி தெரியும்.
கரண்டு பிறக்கிற ஊர் இது.
பிறந்த கையோடு கம்பியேறி
தலைக்கு மேலே முணுமுணுத்தபடி
தெற்கே போய்விடுகிறது.

தேசிங்கு வீட்டு மாடிப்படிக்கு அடியில்
வாரிய முத்திரையோடு பெரிய மீட்டர்.
அதற்குக் கீழே நாலு சின்னது,
ரிச்சி தெருவில் வாங்கியவை.
பெரியதை மட்டும்தான் நான் படிக்கலாம்.
சின்னவை என் கண்ணில் படவே கூடாது.

"அக்கா, என்னுதையும் பாரேன்."

எஸ்தரு. முழங்கை வரை மாவு.
விடிவதற்குள் இட்லிக்கடை போடுகிறவள்.
ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட், ஒரு சார்ஜர்.
கிரைண்டர் இருக்கிறது, சேலை போர்த்திய கோலத்தில்.
அது சுற்றினால் மீட்டர் ரயிலாட்டம் ஓடுகிறதாம்.
அதனால் தெருமுனை மில்லில் காசு கொடுத்து அரைக்கிறாள்.
காலி சிலிண்டர் மேல் பலகை போட்டு
மகள் வகுத்தல் கணக்குப் போடுகிறது.
அடுப்பில் எரிவது
கண்டெய்னர் யார்டில் உடைத்துப்போட்ட மரம்.
புகையில் ஒரு மருந்து வாடை.
எந்த நாட்டு மரமோ, என்னத்தைப் பூசினார்களோ.

குனிந்தேன். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன்.
போன தடவை எண்ணை
காலண்டர் தாளின் முதுகில் எழுதி வைத்திருந்தாள்.
கழித்தேன்.
நாற்பத்தொன்று.
இரண்டு மாதத்துக்கு.

"கவர்மெண்டு கணக்குல இது எவ்ளோக்கா?"

நூறு வரைக்கும் ஒன்றுமில்லை.
அந்த 'ஒன்றுமில்லை' தொண்டையில் நின்றது.

யூனிட்டுக்குப் பன்னிரண்டு என்பது தேசிங்கு கணக்கு.
நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
ஐநூறாக வாங்கிக்கொள்வார்,
எட்டு ரூபாய் தண்ணி மோட்டாருக்கு.

அவரும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"நாலு குடும்பம் ஒரே மீட்டர்ல ஓடுதும்மா.
எனக்குத்தான் மேல் ரேட்டு விழுது.
தனித்தனியா போட பட்டா கேக்குறாங்க.
பட்டாவுக்கு நான் எங்க போவேன்?"
அதுவும் பொய்யில்லை.

கையிலிருந்த கருவி சர்வீஸ் நம்பர் கேட்டது.
எஸ்தருக்கு நம்பர் கிடையாது.
காலண்டர் தாளை வாங்கி
தேதி எழுதினேன், எண் எழுதினேன்,
நாற்பத்தொன்று என்று எழுத்தாலும் எழுதி
கீழே கையெழுத்துப் போட்டேன்.
எந்த ஆபீசிலும் செல்லாத தாள்.
அதை அவள் நாலாய் மடித்து
ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தாள்.

அப்போது பார்த்துக் கரண்டு போனது.
பெரிய மீட்டரின் சிவப்புப் புள்ளி அணைந்தது,
சின்னதுகளுடையதும்.
அடுத்த வீட்டை இனி படிக்க முடியாது.
படியில் உட்கார்ந்தோம்.
வெளியே புகைபோக்கிக்கு மட்டும்
எதுவும் நின்றுபோகவில்லை.
மகள் பலகையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்தது.
சிலிண்டர் தரையில் கிரீச்சிட்டது.

"உங்க வீட்ல எவ்ளோக்கா யூனிட்டு?"

நானும் வாடகைதான். தண்டையார்பேட்டையில்.
"பதினொண்ணு" என்றேன்.

எஸ்தரு என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள், மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு.
"அப்ப உனக்கு ஒரு ரூவா லாபம்."

பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன்.
மூன்று பேரும் தின்றோம்.
நாய் வாசலில் காத்திருந்தது.